தாக்குப்பிடித்தவர்கள்: பெருந்தொற்றும் ஒரகடம் சாலை இளைஞர்களும்

கொரோனா காலத்தில் இளைஞர்களின் மனநலம் எப்படி இருந்தது என்று எழுதப்பட்டவற்றை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் ஒரே முகம் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். கல்லூரி மாணவர். வீட்டில் ஓர் அறை, கையில் மடிக்கணினி, ஆன்லைன் வகுப்பு, நண்பர்களைப் பார்க்க முடியாத ஏக்கம். அந்தத் துயரம் பொய்யல்ல. ஆனால் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பை பஸ் நிறுத்தத்தில் காலை ஐந்தரை மணிக்குப் போய் நின்றால் வேறோர் இளைஞரைப் பார்க்கலாம். அதே வயதுதான், பத்தொன்பதிலிருந்து இருபத்தைந்துக்குள். கழுத்தில் அடையாள அட்டை, காதில் ஹெட்செட், சிவந்த கண். கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறார். ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்தவர்; சில சமயம் பொறியியல் பட்டமும் இருக்கும், அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார். பெருந்தொற்று பற்றிய ஆய்வுகளில் இவர் எங்கே இருக்கிறார் என்று தேடிப் பார்த்ததில் எழுந்த கேள்விகள்தாம் இந்தக் கட்டுரை.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் இவை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர், அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான். இந்த ஆலைகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. படப்பை, மணிமங்கலம், ஒரகடம், வல்லம் என்று வழியெங்கும் இருந்த ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. மாடிகள் அறைகளாகத் தடுக்கப்பட்டன. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், தர்மபுரி என்று வெளிமாவட்டப் பிள்ளைகள் வந்தார்கள். பின்னர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். நாட்டின் இளைஞர் மேம்பாட்டுக்கென்று மத்திய அரசு நடத்தும் ராஜீவ் காந்தி தேசிய நிறுவனமும் இதே ஸ்ரீபெரும்புதூரில்தான் இருக்கிறது. வெளியே பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞர்களுக்கு அதன் பெயர்ப் பலகையைத் தாண்டி அதோடு ஒரு தொடர்பும் இல்லை.

ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தாலும் இங்கே எல்லோரும் ஒரே மாதிரி ஊழியர் அல்ல. பெர்மனென்ட் ஒருவர், காண்ட்ராக்ட் ஒருவர், ட்ரெய்னி ஒருவர், அப்ரன்டிஸ் ஒருவர். 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டத்தின்படி பயிற்சி பெறுபவர் தொழிலாளி என்ற கணக்கிலேயே வரமாட்டார், அவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லை. காண்ட்ராக்டில் இருப்பவருக்கு அட்டையில் ஒரு கம்பெனி பெயர், சம்பளச் சீட்டில் இன்னொரு பெயர். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. தொற்று எல்லோருக்கும் ஒன்றுதான். அதைத் தாங்கும்போது காலுக்கடியில் இருந்த தரை ஒவ்வொருவருக்கும் வேறாக இருந்தது.

முதலில் எண்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் வெளியிட்ட குறிப்பு, பெருந்தொற்றின் முதலாண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாகவும், இளைஞர்களும் பெண்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டதாகவும் சொன்னது. அமெரிக்காவில் 2020 ஜூனில் எடுத்த ஒரு கணிப்பில் 18 முதல் 24 வயதுக்காரர்களில் நான்கில் ஒருவர், கடந்த முப்பது நாளில் உயிரை விட்டுவிடலாமா என்று தீவிரமாக யோசித்ததாகக் கூறினார். நம் நாட்டில் முதல் ஊரடங்கின்போது இந்திய மனநல மருத்துவர் சங்கத்தினர் இணையம் வழியாக நடத்திய ஆய்வில் 1,685 பேரின் பதில்களை எடுத்துக்கொண்டார்கள், 40.5 சதவீதம் பேருக்குப் பதற்றமோ மனச்சோர்வோ இருந்தது.

இணைய வழி ஆய்வுக்கு ஒரு குணம் உண்டு. வாட்ஸப்பில் வரும் இணைப்பைத் திறந்து, கேள்விகளைப் பொறுமையாகப் படித்து, தன் மனநிலைக்கு எண் போட்டு அனுப்பக்கூடியவரே அதற்குள் வருவார். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தவர் வரமாட்டார். ஆந்திரம், தெலங்கானாவில் ஒரே பிள்ளைகளை 2002 முதல் வளர வளரப் பின்தொடரும் ‘யங் லைவ்ஸ்’ ஆய்வு வேறு வழியில் போனது. இந்தியா, எத்தியோப்பியா, பெரு, வியட்நாம் ஆகிய நாலு நாட்டிலும் ஏற்கெனவே பட்டியலில் உள்ளவர்களை, பெரும்பாலும் எளிய குடும்பத்து இளைஞர்களை, 2020-இல் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டது. பதற்றத்தின் அறிகுறி பெருவில் 41 சதவீதம் பேரிடம் தென்பட்டது, வியட்நாமில் 9. இந்திய இளைஞர்கள் பெருவின் பக்கம் அல்ல, வியட்நாமின் பக்கமே இருந்தார்கள். தொற்று பெருவைச் சூறையாடியது. வியட்நாம் அந்த ஆண்டு அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அது ஒரு காரணம். நம் பக்கத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கூடத்தில் அப்பா, அம்மா, தங்கை உட்கார்ந்திருக்கும்போது போனில் முகம் தெரியாத ஒருவர் ‘மனசு எப்படி இருக்கு’ என்று கேட்டால், ‘நல்லா இருக்கேங்க’ என்பதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? யூனிசெஃப் 2021 அறிக்கையில் வந்த ஒரு கணிப்பு இதோடு சேர்த்துப் படிக்கத் தக்கது. மனப் பிரச்சினைக்குப் பிறரிடம் உதவி கேட்பது நல்லதுதான் என்று சொன்ன 15–24 வயதுக்காரர்கள் இந்தியாவில் 41 சதவீதம். 21 நாடுகளின் சராசரி 83.

கேட்டால் மறைக்கலாம்; இறப்பை அவ்வளவு எளிதாக மறைக்க முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2019-இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 13,493 பேர். 2020-இல் 16,883. ஒரே ஆண்டில் கால் பங்கு கூடுதல். அதே ஆண்டில் நாடு முழுவதற்குமான எண்ணிக்கை 1,39,123-இலிருந்து 1,53,052 ஆனது, பத்து சதவீதம். 2021-இல் தமிழ்நாடு 18,925-ஐத் தொட்டு மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடத்தில் நின்றது. நாட்டில் இப்படி இறந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் 18-லிருந்து 30 வயதுக்குள். தினக்கூலிகள் 2020-இல் 37,666, மறு ஆண்டில் 42,004. காண்ட்ராக்ட் தொழிலாளி என்று அந்தப் பட்டியலில் தனிக் கட்டம் கிடையாது. காரணம் என்ற கட்டத்தில் முதலிடம் எப்போதும் குடும்பப் பிரச்சினைக்கு. வேலை போனதும் கடன் ஏறியதும் வீட்டுக்குள் சண்டையாகத்தான் வெளிப்படும். எழுதுகிற காவலர் கண்ணுக்கு முன்னால் இருக்கும் சண்டையை எழுதிக்கொண்டு போவார்.

பணக்கார நாடுகளையும் நடுத்தரத்துக்கு மேற்பட்ட நாடுகளையும் சேர்த்து 21 இடங்களின் கணக்கை ஆராய்ந்து 2021-இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்த கட்டுரை, தொற்றின் முதல் மாதங்களில் அங்கெல்லாம் தற்கொலை கூடவில்லை என்றது. ஜப்பானில் பிறகு கூடியது, குறிப்பாகப் பெண்களிடம். அந்த நாட்டு இளைஞருக்கு நெஞ்சுரம் அதிகம், நம் பிள்ளைக்குக் குறைவு என்று இதற்குப் பொருள் கொள்வது அபத்தம். பிரிட்டனில் ஆலை மூடிக் கிடந்தபோதும் சம்பளத்தில் 80 சதவீதம் வரை அரசு கொடுத்தது. இங்கே 2020 ஏப்ரலில் ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாய். அட்டை ஊரில் இருந்தது. பிள்ளை படப்பையில் இருந்தான்.

அந்த அறைக்குள் ஒரு தடவை போய்விட்டு வரலாம். பத்துக்குப் பன்னிரண்டு. ஆறு பேர், சில அறைகளில் எட்டுப் பேர். சுவரில் ஆணி, ஆணியில் பை. மூலையில் இண்டக்ஷன் அடுப்பு, தண்ணீர் கேன், ஒரே ப்ளக்கில் மூன்று சார்ஜர். நாலு பாய். ஆறு பேருக்கு நாலு பாய் போதும். ஏனென்றால் ஏ ஷிஃப்ட்காரர் எழுந்து போகும் பாயில் சி ஷிஃப்ட்காரர் வந்து விழுவார். இந்த வாடகைக் கணக்கே எல்லோரும் ஒரே நேரத்தில் அறையில் இருக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போட்டது. 2020 மார்ச் 24 இரவு நாடு மூடப்பட்டதும் அந்த நம்பிக்கை உடைந்தது. முதல்முறையாக ஆறு பேரும் ஒன்றாகப் படுக்க வேண்டியிருந்தது. இடமில்லை. ஒருவர் படியில், ஒருவர் மொட்டை மாடியில். மெஸ் மூடிவிட்டது. மூன்று ஷிஃப்ட் மாறி மாறிப் பழகிய உடம்புக்கு இரவு எது பகல் எது என்று பிடிபடவில்லை. தூக்கம் கெட்டால் மனம் கெடும் என்பது மருத்துவம் நன்கறிந்த விஷயம். ஷிஃப்ட் தொழிலாளியிடம் இது ஊரடங்குக்கு முன்பே பாதி நடந்து முடிந்திருந்தது.

பைக் தவணையும் இருந்தது. இந்தச் சாலையில் வேலைக்கு வந்து ஆறு மாதத்தில் ஒரு பையன் செய்யும் முதல் காரியம் தவணையில் பைக் எடுப்பது. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று அறிவித்து ஆகஸ்ட் வரை நீட்டித்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கைச்செலவுக்குச் சிலர் போனிலேயே கடன் கொடுக்கும் செயலிகளைத் தொட்டார்கள். வாரத்தில் திருப்பு, இல்லையென்றால் உன் போனிலுள்ள அத்தனை எண்ணுக்கும் உன் படத்தை அனுப்புவேன் என்கிற கடன் அது. 2021 ஜனவரியில் இது தொடர்பாகச் சென்னைக் காவல்துறை சீன நாட்டவர் இருவரைக் கைது செய்தது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டவர்களின் செய்தி வாராவாரம் வந்தது. மாநில அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டது. அடுத்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த புதிய சட்டம் நடைமுறைக்கு வர 2023 ஆகிவிட்டது. ரம்மி ஆடியவனைப் பேராசைக்காரன் என்று திட்டுவது சுலபம். எட்டு மணி நேரம் ஒரே போல்ட்டை முடுக்கிப் பழகிய கைக்குத் திடீரென்று ஒரு வேலையும் இல்லை, போன் மட்டும் இருக்கிறது என்றால் என்ன நடக்கும் என்பதைச் செயலி செய்தவர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஊருக்குப் போனவர்கள் பாடு? வெளிமாவட்டத்துக்கு இ-பாஸ் வேண்டும். 2020 ஆகஸ்ட் முடியும்வரை இந்த நிலை. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து விழுப்புரம், கடலூர், அரியலூருக்குத் தொற்று பரவியதும் சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர் எல்லோரும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். பொங்கலுக்குச் சட்டை துணியோடு வந்திறங்கி மாலை மரியாதை பெற்றவன், ‘கொரோனாவைக் கொண்டாந்துட்டான்’ என்ற பேச்சுக்கு நடுவே பள்ளிக்கூடக் கட்டடத்தில் தனிமைப்படுத்தப்பட்டான். இந்த அவமானம் எந்தக் கேள்வித்தாளிலும் இல்லை. ஆனால் வீடு அவனைக் காப்பாற்றியது என்பதையும் சொல்லியாக வேண்டும். சோறு இருந்தது, வேலை இருந்தது. களை எடுக்கவும் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்குத் துணையாகவும் போனார்கள். வீட்டில் ஒருவர் சம்பளம் நின்றாலும் உலை கொதித்தது. இந்தியப் பிள்ளைகள் வியட்நாம் பக்கம் நின்றதற்கு இந்த உலையும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

பெண் பிள்ளைகளுக்கு வீடு அப்படி இரு கை நீட்டி வரவேற்கவில்லை. ஃபாக்ஸ்கான் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் பெரும்பகுதி பெண்கள்தாம். கையில் சம்பளம் இருக்கும்வரை கல்யாணப் பேச்சை ‘இன்னும் ரெண்டு வருஷம்’ என்று தள்ள முடியும். தம்பி ஃபீஸை நான் கட்டுகிறேன் என்று சொல்ல முடியும். சம்பளம் நின்ற மாதமே ஜாதகம் வெளியே வந்தது. நிறையக் கல்யாணங்கள் அந்த இரண்டு வருடத்தில் ஐம்பது பேரோடு, செலவு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக நடந்தன. அவற்றை மனநலக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

படித்து முடித்து இந்தச் சாலைக்கு வர வேண்டிய அடுத்த அணி ஒன்று இருந்தது. 2020 ஆகஸ்டில் அரியர் தேர்வுக்குப் பணம் கட்டியவர்கள் எல்லோரும் தேர்ச்சி என்று அன்றைய அரசு அறிவித்ததும் ஊரெங்கும் போஸ்டர் ஒட்டிக் கொண்டாடினார்கள். சிரிப்பு அடங்கியதும் ‘கொரோனா பேட்ச்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. 2021 ஆகஸ்டில் ஒரு தனியார் வங்கியின் மதுரை நேர்காணல் விளம்பரத்தில் அந்த ஆண்டு படித்து முடித்தவர்கள் வரத் தேவையில்லை என்று அச்சாகியிருந்தது; அச்சுப் பிழை என்று வங்கி பிறகு விளக்கியது. பிழையோ இல்லையோ, எல்லோர் மனத்திலும் இருந்ததை அது வெளியே சொல்லிவிட்டது. 2020 ஏப்ரல்–ஜூனில் இந்திய நகரங்களில் 15–29 வயதினரின் வேலையின்மை 34.7 சதவீதம் என்று மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பே சொல்கிறது. மூன்றில் ஒருவர். அந்த வரிசையில் நிற்கும்போது சான்றிதழில் உள்ள வருடம் ஒரு தழும்பு மாதிரி.

இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலானவர்கள் திரும்பி வந்தார்கள். 2020 ஜூனுக்குப் பின் அறைகள் நிரம்பின, பஸ் ஓடியது. இதை வைத்து ‘நம் இளைஞர்கள் எதையும் தாங்குவார்கள்’ என்று மேடையில் பேசுவது வழக்கமாகிவிட்டது. தாங்கும் ஆற்றலைப் பற்றிய ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்ப்பது நல்லது. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடிகாரப் பெற்றோர் என்று எல்லா ஆபத்தும் சூழ்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்தார்கள். அவர்களிடம் அபூர்வமான மன உறுதி இருந்தது என்பதைவிட, பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ யாரோ ஒருவர் அவர்களை விடாமல் கவனித்தார் என்பதே அந்த ஆய்வின் கனமான செய்தி. இந்த ஆற்றல் சாதாரணப் பொருள்களால் ஆனது என்று ஆன் மாஸ்டன் 2001-இல் எழுதினார். ஜார்ஜ் பொனானோ இழப்புக்குப் பின் பெரும்பாலானவர்கள் நிலைகுலையாமல் இருப்பதே வழக்கம் என்று காட்டினார். மூவரையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது: தாக்குப்பிடித்ததற்காக இளைஞரைப் பாராட்டும் முன் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று பார்க்க வேண்டும். இந்தச் சாலையில் அது ஊரில் உள்ள வீடு, அறையில் உள்ள சேக்காளி, பெர்மனென்ட் என்ற ஒரு சொல். மூன்றும் இல்லாதவர் விழுந்தார். அவர் மனம் மற்றவர் மனத்தைவிட மெலிந்ததாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நான்காவதாகவும் ஒன்று இருந்தது என்பதை இரண்டாம் அலை காட்டியது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் மூச்சு முட்டியது. மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் 13 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் பற்றாக்குறை என்று உறவினர்களும் இல்லை என்று அதிகாரிகளும் சொன்னார்கள். மே 10 முதல் ஊரடங்கு, ஆனால் கார் ஆலைகளுக்கு விலக்கு. வீட்டில் எல்லோரையும் உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு லைனில் தோளோடு தோள் நிற்க வேண்டும். மனத்தை அரிப்பது பயம்கூட இல்லை, இந்த முரண்தான். மே 24 அன்று ஹூண்டாய் தொழிலாளர்கள் ஆலைக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து சில நாள் உற்பத்தி நின்றது. ரெனோ-நிசான் தொழிலாளர் சங்கம் இடைவெளி கடைப்பிடிக்கப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் போனது, வேலைக்கு வரமாட்டோம் என்றது. அங்கும் ஆலை சில நாள் மூடப்பட்டது. தொழில் தகராறு என்ற தலைப்பில் இவை செய்தியாயின. மனநலச் செய்தியாகவும் இவற்றைப் படிக்கலாம். பயத்தைத் தனியாக விழுங்கிக்கொண்டு லைனில் நிற்பவனுக்கும், பயமாக இருக்கிறது என்று நூறு பேரோடு சேர்ந்து சொன்னவனுக்கும் அன்றிரவு தூக்கம் ஒரே மாதிரி வராது. அப்படிச் சொல்லும் வாய்ப்பு பெரும்பாலும் பெர்மனென்ட் தொழிலாளிக்கே இருந்தது.

சங்கம் இல்லாத இடத்தில் அதே பயம் எப்படி வெளிவந்தது என்பதற்கு அவ்வாண்டு டிசம்பர் சாட்சி. ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கிய பூந்தமல்லி விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்ந்த தோழிகள் சிலர் திரும்பவில்லை, போனிலும் கிடைக்கவில்லை. இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி விடுதி விடுதியாகப் பரவியது. டிசம்பர் 17 இரவு ஏறக்குறைய இரண்டாயிரம் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை, சிகிச்சையில் இருக்கிறார்கள் என்று அதிகாரிகள் சொன்னது எடுபடவில்லை. வீடியோ அழைப்பில் முகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. விடுதி அறைகளில் ஆறிலிருந்து முப்பது பேர் வரை தரையில் படுத்திருந்ததாகச் செய்திகள் வந்தன. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடப்பட்டிருந்த ஆலை 2022 ஜனவரி 12 அன்று மறுபடி திறந்தது. வதந்தியை நம்பிய பெண்களைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஒன்றரை ஆண்டாக ஆம்புலன்ஸ் ஏறிய பலர் திரும்பாததைப் பார்த்துவிட்டு, என்ன நடக்கிறது என்று சொல்ல ஓர் ஆளும் இல்லாத விடுதியில் இருந்தால், நான் எதை நம்பியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

சிங்கப்பூரில் தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பிள்ளைகள் பட்டது இதற்கு அண்ணன் முறை. அங்கே தொழிலாளர் விடுதிகளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். 2020 ஏப்ரல் முதல் விடுதிக்குள் அடைக்கப்பட்டார்கள். அவ்வாண்டு முடிவுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. சம்பளமும் சாப்பாடும் மருத்துவமும் பெருமளவு உறுதி செய்யப்பட்டன. வெளியே கால் வைப்பது மட்டும் மறுக்கப்பட்டது. ஊரடங்கு நகரத்துக்குத் தளர்ந்த பின்னும் விடுதிக்குத் தளரவில்லை; வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி 2022 வரை தொடர்ந்தது. தன்னைத்தானே மாய்த்துக்கொள்ள முயன்ற செய்திகள் வந்ததும் 2020 நவம்பரில் மனநலத்துக்கென்றே தனித் திட்டம் தொடங்கினார்கள். சோறும் சம்பளமும் மட்டும் போதாது என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. அவை இல்லாமலும் ஆகாது என்பதற்கு ஒரகடம்.

உதவிக்கு இங்கே என்ன இருக்கிறது? சென்னையில் தகுதிக்குக் குறைவில்லை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப், மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம் இரண்டும் நாட்டுக்கே முன்னோடிகள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. அரசின் 104 உதவி எண் பெருந்தொற்றுக்கு முன்பே உண்டு. 2022 அக்டோபரில் 14416 வந்தது, இரவும் பகலும் எடுப்பார்கள், கட்டணமில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கல்லூரி மாணவர்களுக்கு ‘மனம்’ என்ற திட்டம். மறுபடியும் மாணவர். தேசிய மனநல ஆய்வு 2015–16-லேயே சிகிச்சை தேவைப்படுவோரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் அதைப் பெறுவதில்லை என்று சொல்லியிருந்தது. ஆறு பேர் அறையில் இருந்துகொண்டு 14416-க்கு எப்படிப் பேசுவது என்ற சின்னக் கேள்வி அந்த இடைவெளியில் பாதியை விளக்கிவிடும். மொட்டை மாடிக்குப் போகலாம்; அங்கே பக்கத்து அறைக்காரன் தன் காதலியோடு பேசிக்கொண்டிருப்பான்.

மருத்துவர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு நல்ல முன்மாதிரிகள் வெளியே தேடாமலே கிடைக்கின்றன. சுனாமிக்குப் பிறகு உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்குப் பயிற்சி பெற்ற தொண்டர்களை வைத்து லட்சுமி விஜயகுமார் குழு துணை நின்றது. பின்னர் தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதிகள் முகாம்களில் முகாமிலேயே வாழ்பவர்களைப் பயிற்றுவித்தார்கள். ஆபத்தில் இருப்பவரை அவர்கள் அடிக்கடி போய்ப் பார்ப்பார்கள். மனம் மிகவும் தாழ்ந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது என்று முன்கூட்டியே அவரோடு உட்கார்ந்து எழுதிவைப்பார்கள். 2017-இல் வெளியான முடிவுகள் தற்கொலை முயற்சி குறைந்ததைக் காட்டின. கோவாவில் சங்காத் அமைப்பும் ஜிம்பாப்வேயில் மரத்தடி பெஞ்சில் பாட்டிமார்களை உட்காரவைத்த மருத்துவர் டிக்சன் சிபாண்டாவும் சாதாரண ஆட்களே மனச்சோர்வைக் குறைக்க முடியும் என்பதைக் கறாரான ஆய்வுகளால் நிறுவியிருக்கிறார்கள். முகாமுக்கும் இந்த அறைகளுக்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: நெருக்கம், ஊர் விட்டு வந்த வாழ்க்கை, நாளைக்கு என்ன என்று தெரியாத நிலை.

மாநில அரசு ஒரு பெரிய காரியத்தைச் செய்திருக்கிறது. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தரையில் முப்பது பேர் படுத்த காலத்துக்கு இது உண்மையான பதில். நெடுஞ்சாலையில் உட்கார்ந்தவர்கள் வாங்கித் தந்த பதில் என்றும் சொல்லலாம். படப்பை மாடி அறைகளில் இருக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் இப்படி ஒன்று இல்லை. வடமாநிலத்தவர் விஷயத்தில் இன்னொரு சிக்கல் மொழி. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது பலர் பயந்து ரயில் ஏறினார்கள். டிசம்பர் இரவின் வதந்தி மாதிரிதான் இதுவும்.

ஐந்நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்திருந்தது. பெரிய கம்பெனிகள் சிலவற்றில் இப்போது கவுன்சலரும் உண்டு. பிரச்சினை அவர் உட்காரும் இடத்தில் இருக்கிறது. எச்.ஆர். பக்கத்தில் உட்கார்ந்தால் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். ‘மனசு சரியில்லை’ என்று சொன்ன காண்ட்ராக்ட் பையனுக்கு அடுத்த பதினோரு மாதம் நீட்டிப்பு வருமா என்பதுதான் அவன் முதல் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. அகதி முகாம் வழியில் போனால் பயிற்சி தர வேண்டியது மெஸ் நடத்தும் அக்காவுக்கு, விடுதி வார்டனுக்கு, கம்பெனி பஸ் டிரைவர் அண்ணனுக்கு, அறையில் மூத்தவனுக்கு. இவர்களுக்கு யாருடைய வருகைப் பதிவேட்டிலும் கை கிடையாது. மூன்று நாளாக ஒருவன் சாப்பிட வரவில்லை என்பது எச்.ஆருக்குத் தெரிவதற்கு முன் மெஸ் அக்காவுக்குத் தெரியும். 14416 என்ற எண்ணை அவர் ஸ்லேட்டில் மெனுவுக்குக் கீழே எழுதிவைக்கலாம். யார் பார்க்கிறார்கள் என்று யாரும் கவனிக்காத இடம் அது ஒன்றுதான்.